டமாரம் அடித்தால் கேட்கும் காது

கேள்வி:

எனக்கு வயது 34. மும்பைப் பக்கம் டோம்பிவ்லியிலிருந்து தினமும் தாதருக்கு லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகிறேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டாவது பிள்ளை பிறந்தது. அதிலிருந்து காது மந்தமாகிக்கொண்டே வருகிறது. இடது காது ரொம்ப மோசம், உள்ளே ஓயாமல் ஒரு ரீங்காரமும் உண்டு. மாமியார் அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் கேட்பதில்லை. ஆனால் ரயிலில், லேடீஸ் டப்பாவின் அத்தனை இரைச்சலிலும், தோழிகள் பேசுவது நன்றாகக் கேட்கிறது. இதை ஒருநாள் வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டேன். "வேலை சொன்னா கேக்காது, ஊர்க்கதை பேசினா மட்டும் கேக்குமாக்கும்" என்று மாமியார் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். பக்கத்து டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, காது சுத்தமாக இருக்கிறது, எல்லாம் டென்ஷன்தான் என்று வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடச் சொல்கிறாள் ஒரு தோழி. நான் நடிக்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. ஊரில் என் அப்பாவின் அக்காவை எல்லோரும் 'டமாரச் செவிடு' என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படி ஆகிவிடுவேனா?

ஒரு வாசகி, டோம்பிவ்லி

பதில்:

சகோதரி, நீங்கள் நடிக்கவில்லை. வீட்டில் கேட்காதது ரயிலில் கேட்கிறது என்று உங்கள் மாமியார் குற்றமாகச் சொல்கிறாரே, நோய்க்குறிப்பு எழுத உட்கார்ந்தால் நான் முதல் வரியாக எழுதுவது அதைத்தான்.

காது மந்தம் என்று மாட்டுங்காவில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், "வீட்டுல பரவாயில்ல டாக்டர், கல்யாண மண்டபத்துலதான் ஒண்ணும் புரியமாட்டேங்குது" என்பார்கள். அது உள்காது நரம்பின் தேய்மானம். உங்களைப் போல இதைத் தலைகீழாகச் சொல்பவர்கள் எப்போதாவதுதான் வருவார்கள். சொன்னால், காதில் மூன்றாவதாக இருக்கும் ஒரு குட்டி எலும்பின் மேல்தான் எங்கள் சந்தேகம் போகும். கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது, சோதனை வேண்டும். ஆனால் சந்தேகம் எங்கே, ஏன் என்று சொல்லலாம் அல்லவா?

1672-இல் தாமஸ் விலிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அவருக்குக் காது கேட்காது. ஆனால் அறைக்குள் யாராவது முரசு அடித்துக்கொண்டிருந்தால், அப்போது பேசுவது மட்டும் கேட்கும். மனைவியோடு பேசுவதற்காகவே கணவர் முரசடிக்கத் தெரிந்த ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொண்டாராம். நம் ஊரில் டமாரச் செவிடு என்றால் டமாரம் அடித்தாலும் கேட்காதவர். விலிஸ் கண்ட பெண்ணுக்கோ டமாரம் அடித்தால்தான் கேட்டது. உங்களுக்கு அந்த டமாரத்தை டோம்பிவ்லி லோக்கல் அடிக்கிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்குச் செவிப்பறைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். நாம் கம்மல் போடும் காதுமடல் சத்தத்தை உள்ளே திருப்பிவிடுகிறது. அதன் பின் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குழாய். குழாயின் கோடியில் செவிப்பறை, 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு சவ்வு. பக்கத்து டாக்டரின் லைட் போய்ச் சேர்ந்தது இதுவரைதான். உங்கள் செவிப்பறை சுத்தமாகத்தான் இருந்திருக்கும், அவர் பார்த்ததில் தப்பில்லை. பிரச்சினை அதற்குப் பின்னால் இருக்கும்போது வாசற்கதவைப் பார்த்து என்ன தெரியும்? டென்ஷன் என்று முடித்தாரே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் காது கேட்கவில்லை என்று வந்து நின்றால், மாத்திரை எழுதுவதற்கு முன்னால், காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோமெட்ரிக்கு அனுப்பியிருக்கலாம்.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு சின்ன அறை. அதில் மூன்று எலும்புகள் ஒன்றோடொன்று கோத்தபடி தொங்குகின்றன. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: சுத்தி, பட்டடை, அங்கவடி. குதிரைச் சேணத்தில் கால் நுழைக்கும் வளையம் போலவே இருப்பதால் அங்கவடி. உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு இதுதான், நீளம் 3 மில்லிமீட்டர் சொச்சம். ஓர் எள்ளை எடுத்துப் பார்த்தால் அளவு விளங்கும். பிறக்கும்போதே இந்த அளவில்தான் இருக்கிறது, அப்புறம் வளர்வதில்லை.

சத்தத்தை நேரே உள்காதுக்குக் கொடுத்துவிடாமல் இந்த எலும்புகள் எதற்கு? ஊரில் கிணற்றில் முங்கிக் குளித்திருந்தால் தெரியும். நீங்கள் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது மேலே நின்று யார் என்ன கத்தினாலும் காதில் ஏறாது. காற்றில் வரும் ஒலி தண்ணீரின் மேல் பட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மீதி அப்படியே திரும்பிவிடும். நம் உள்காது முழுக்கத் தண்ணீர்தான். நத்தை ஓடு போல இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட காக்ளியா என்ற குழாய், அதற்குள் திரவம், திரவத்தின் அசைவை உணர்ந்து நரம்புக்குச் சொல்ல, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள். காற்றில் வந்த சத்தம் இந்தத் திரவத்தை அசைத்தாக வேண்டும்.

அந்த வேலையைத்தான் மூன்று எலும்புகளும் செய்கின்றன. அகலமான செவிப்பறையில் வாங்கிய தள்ளலை, அங்கவடியின் குட்டி அடித்தட்டுக்குள் குவித்து, உள்காதின் நீள்வட்டச் சாளரத்தில் அழுத்துகின்றன. செவிப்பறையின் அதிரும் பரப்பு அந்த அடித்தட்டைப்போல் சுமார் 17 மடங்கு. எலும்புகள் நெம்புகோல் போல வேலை செய்வதால் இன்னும் கொஞ்சம் சேருகிறது. மொத்தத்தில் அழுத்தம் சுமார் 22 மடங்காகிறது. குதிகால் செருப்போடு ஒருவர் உங்கள் காலை மிதித்தால் வலி தாங்காது, அதே ஆள் தட்டைச் செருப்போடு மிதித்தால் பொறுத்துக்கொள்ளலாம். கணக்கு அதேதான்.

இந்த அங்கவடி ஆடிக்கொண்டே இருக்க வேண்டிய எலும்பு. சிலருக்கு மட்டும், சாளரத்தைச் சுற்றியுள்ள எலும்பு, காரணம் முழுதாகப் பிடிபடாத விதத்தில், கரைந்தும் புதிதாக வளர்ந்தும் அங்கவடியின் அடித்தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பிடித்துவிடுகிறது. மழைக்காலத்தில் ஊறி உப்பிய கதவு நிலையோடு பிடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. இதற்கு ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்று பெயர். இது தனியொரு நோய் என்று 1893-இல் வியன்னாவில் ஆடம் பொலிட்சர் எடுத்துக்காட்டினார். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டும். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். குடும்பத்தில் ஓடும். ரீங்காரமும் அடிக்கடி கூடவே வரும். உங்கள் கடிதத்தை இப்போது திரும்பப் படித்துப் பாருங்கள்.

ரயிலுக்கு வருவோம். கல்யாண், டோம்பிவ்லி கூட்டத்தில் பெட்டிக்குள் சக்கரச் சத்தம், மின்விசிறி, கதவோரக் காற்று எல்லாம் சேர்ந்து இரைகின்றன. அந்த இரைச்சலில் தோழி என்ன செய்வாள்? அவளை அறியாமலே குரலை உயர்த்துவாள். இரைச்சலில் யாராக இருந்தாலும் குரல் தானாக ஏறும் என்பதை எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911-இல் எழுதினார். காது நல்ல நிலையில் உள்ளவருக்கு அந்த உயர்ந்த குரலும் கேட்கிறது, இரைச்சலும் சேர்ந்து கேட்கிறது. இரண்டும் கலந்து குழப்பும். உங்கள் காதில் நடப்பது வேறு. இறுகிய அங்கவடி இரைச்சலை வாசலிலேயே குறைத்துவிடுகிறது. அதிலும் விறைத்த எலும்பு முதலில் வெட்டுவது கனத்த, தாழ்ந்த ஒலிகளை. ரயிலின் உறுமலில் பெரும்பகுதி அந்த வகைதான். உயர்த்திப் பேசிய தோழியின் குரல் மட்டும் தடையைத் தாண்டி உள்ளே வருகிறது. உள்ளே காக்ளியாவும் நரம்பும் பழுதில்லாமல் இருப்பதால், வந்த குரல் தெளிவாகப் புரிகிறது.

வீடு அமைதியாக இருக்கிறது. மாமியார் சாதாரணக் குரலில்தான் கூப்பிடுகிறார். அது தடையைத் தாண்டவில்லை. அவ்வளவுதான் விஷயம். அவர்மேலும் தப்பு சொல்ல முடியாது, ரயிலில் கேட்கும் காதுக்கு வீட்டில் என்ன கேடு என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்று, உங்கள் குரல் தணிந்திருக்கும். "கொஞ்சம் சத்தமா பேசேன்" என்று கணவர் சொல்கிறாரா? நம் குரல் நமக்குக் காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்கிறது. காற்று வழி அடைபட்டால் எலும்பு வழியாக வரும் சொந்தக் குரல் உரத்துக் கேட்கும், அதனால் நாம் தணித்துப் பேசத் தொடங்குவோம். நரம்புத் தேய்மானம் உள்ள தாத்தாக்கள் கத்திப் பேசுவதற்கு நேர் எதிர். இன்னொன்று, முறுக்கைக் கடித்தால் உங்கள் தலைக்குள் கல்லை உடைப்பது போலிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேச்சு அறவே கேட்காது.

இப்போதே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு, மூக்கு வழியாக 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் இழுங்கள். சத்தம் எந்தக் காதில் அதிகம்? மோசமான இடது காதில் அதிகமாகக் கேட்டால், கோளாறு வழியில், அதாவது செவிப்பறை, எலும்புப் பக்கம். நல்ல காதான வலது பக்கம் போனால், இடது உள்காதில் கோளாறு இருக்கலாம். நம்பிக்கை வராவிட்டால், காது நன்றாக இருக்கும் உங்கள் கணவரை ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' சொல்லச் சொல்லுங்கள். சத்தம் அடைத்த காதுக்குத்தான் ஓடும். இரண்டு காதும் ஒரே அளவு கெட்டிருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. இது ஒரு துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

எங்களிடம் இதுபோன்ற சோதனைகளை இசைக்கவை, அதாவது தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவை, வைத்துச் செய்வோம். போன மழைக்காலத்தில் தாராவியிலிருந்து ஒரு தையல்காரர் வந்தார், நாற்பது வயது இருக்கும். "மெஷின் ஓடுறப்ப பக்கத்துல பேசுறது கேக்குது சார், மெஷினை நிறுத்தினா கேக்கல" என்றார். நொடிக்கு 512 தடவை அதிரும் கவையை முழங்கையில் தட்டி, அதன் அடியை அவர் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்தேன். தலையாட்டினார். சத்தம் தேய்ந்து தேய்ந்து, நின்றுவிட்டது என்று கையைத் தூக்கினார். கவையை உடனே காதுத் துளைக்கு நேரே கொண்டுபோனேன். நல்ல காதாக இருந்தால் அங்கே அது மறுபடி கேட்க ஆரம்பிக்கும், ஏனென்றால் எலும்பைவிடக் காற்று வழிதான் வலுவானது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லையே." மறுபடி தட்டி, காதுக்கு எதிரே பிடித்துவிட்டு, உடனே எலும்பில் வைத்தேன். "இங்கதான் சார் ஜாஸ்தி" என்று காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் காட்டினார். 1855-இல் அடோல்ஃப் ரின்னே சொல்லிக்கொடுத்த இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடமும் ஒரு கவையும் போதும். மிஷின் எதுவும் வேண்டாம். ஆனால் இன்றைக்குச் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், ஆடியோமெட்ரி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி, இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். அங்கவடியின் தசை உரத்த ஒலிக்குச் சுருங்குகிறதா என்பதும் அந்த இரண்டாவது சோதனையோடு பார்க்கப்படும். எலும்பு இறுகியிருந்தால் அந்த அசைவு பதிவாகாது. தாதரில் இறங்குகிறவருக்குப் பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரி பக்கம்தான். சயானிலும் நகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. காதுச் சோதனைக்கென்றே பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் உண்டு. வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். நடுக்காதில் நீர் தங்கியிருந்தாலும், எலும்புகளின் கோப்பு எங்காவது விட்டிருந்தாலும் இதே மாதிரி மந்தம் வரும். அதையெல்லாம் விலக்கிய பிறகுதான் அங்கவடிக்கு வர வேண்டும்.

ஓட்டோஸ்கிளிரோசிஸ்தான் என்றால் என்ன செய்வது? மந்தம் லேசாக இருந்தால், வருடம் ஒருமுறை சோதித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். இல்லையென்றால் காது மிஷின். உங்கள் மாதிரிக் காதுக்கு மிஷின் அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்தாலே போதும், புரிந்துகொள்ள வேண்டிய நரம்பு நன்றாக இருக்கிறது. மூன்றாவது, அறுவை சிகிச்சை. 1956-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜான் ஷே என்பவர் ஒரு பெண்ணுக்கு இறுகிய அங்கவடியை எடுத்துவிட்டு டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்தார். இன்று முழு எலும்பையும் எடுப்பதில்லை. மேல் வளைவை மட்டும் நீக்கி, அடித்தட்டில் லேசராலோ நுண்துரப்பணத்தாலோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை போட்டு, அதற்குள் ஒரு பிஸ்டனைத் தொங்கவிட்டு, மறுமுனையைப் பட்டடை எலும்பில் மாட்டுவோம். பிஸ்டனின் நீளமே நாலரை மில்லிமீட்டருக்குள்தான். காதைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டும் இதைச் செய்யலாம்.

கைதேர்ந்தவர் செய்தால் நூற்றில் சுமார் தொண்ணூறு பேருக்கு நல்ல பலன். ஆனால் நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது அறவே போய்விடலாம். இதை மறைத்துவிட்டு அறுவை சிகிச்சைக்கு அழைப்பவரிடம் போகாதீர்கள். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு காதுதான், அதுவும் மோசமான காதுதான் முதலில். முதல் சில நாள் தலைசுற்றும். நாக்கின் சுவை நரம்பு அந்த வழியாகவே போவதால், சில வாரம் வாயில் உலோகச் சுவை இருக்கலாம். கனம் தூக்கக் கூடாது, மூக்கை உரக்கச் சிந்தக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை விமானம் கூடாது. கூட்ட ரயிலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்காமல் இருக்க முடியுமா என்று யோசித்துத் தேதி வாங்குங்கள்.

பிள்ளைப்பேறுதான் காரணமா என்றால், பிரசவத்துக்குப் பின் மோசமானதாகச் சொல்லும் பெண்கள் நிறையப் பேர் உண்டு. ஆய்வுகள் இதில் ஒன்றுபடவில்லை. இதற்காகக் குழந்தை வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. உங்கள் அத்தைக்கும் இதே எலும்பாக இருந்திருக்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் எல்லோருக்கும் வரும் என்றும் இல்லை. இது மட்டும் தனியாக இருந்தால் முழுச்செவிடாக ஆக்குவது அரிது, நடுவே எங்கோ நிற்கும். சிலருக்குக் காலப்போக்கில் உள்காதையும் தொடும், ஆகையால்தான் வருடாந்தரச் சோதனை.

பூண்டு எண்ணெய் வேண்டாம். செவிப்பறையைத் தாண்டி அது போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்து போனால் இன்னும் மோசம். ஸ்டேஷன் வாசலில் சிவப்புத் தொப்பியோடு, காதில் பஞ்சுக் குச்சி செருகிக்கொண்டு நிற்கும், காது சுத்தம் செய்யும் கான்வாலாவிடமும் காதைக் கொடுக்காதீர்கள். உங்கள் காதில் எடுப்பதற்கு எதுவும் இல்லை என்று டாக்டரே பார்த்துச் சொல்லிவிட்டாரே.

ஒன்று மட்டும் கவனம். நல்லாயிருக்கும் வலது காது ஒரே நாளில், இரண்டே நாளில் திடீரென்று அடைத்துப்போனால், இந்தக் கடிதத்தில் சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. அது அவசரம், அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ஆடியோமெட்ரி செய்தால் ஒரு கட்டம் போட்ட தாள் தருவார்கள். வலது காது சிவப்பில் வட்டம், இடது காது நீலத்தில் பெருக்கல் குறி. ஒவ்வொரு காதுக்கும் இரண்டு வரிசைக் குறிகள் இருக்கும்: காற்று வழி ஒன்று, எலும்பு வழி ஒன்று. எலும்பு வழிக் குறிகள் மேலேயும் காற்று வழிக் குறிகள் கீழேயும் விலகி நின்றால், நான் சொன்ன திசையில்தான் இருக்கிறீர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே கீழே இறங்கினால் இவ்வளவு நேரம் நான் சொன்ன கதை உங்களுடையது இல்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள், வேறு பதில் எழுதுகிறேன்.